சொந்தக் காரணங்களால்

தொயாமா
2020 மார்ச் 8

நஹோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே பனி உருகி ஓடையில் சத்தம் கேட்கிறது, பின்பக்கத்துப் பிளம் மரம் பூத்துவிட்டது. என் முழங்கால் வலி பரவாயில்லை. ரிகோவின் இருமல் நின்றதா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனை விட்டுவிட்டு ஏன் காகிதம் என்று நினைக்காதே. போனில் நான் உன் பெயரைச் சொன்னதும் நீ அழுகிறாய், நீ அழுவதைக் கேட்டு நான் அழுகிறேன், சொல்ல வந்தது நின்றுபோகிறது. கடிதம் என்றால் அழுதுவிட்டு வந்து மீதியை எழுதலாம். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

திங்கட்கிழமை முதல் பள்ளிகளை மூடிவிட்டார்கள், அங்கேயும் அப்படித்தானே. எங்கள் பள்ளிச் சமையற்கூடத்துக்கு இருநூற்றெண்பது குழந்தைகளுக்கான கேரட் முந்தின நாளே வந்து இறங்கிவிட்டது. ஏழு பெண்களும் ஆளுக்கு ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு வீடு வந்தோம். பள்ளி இல்லாத நாளில் எங்களுக்கும் வேலை கிடையாது. ஒரு வாரமாக நான் கேரட்தான் தின்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், யோசித்துப் பார். என் பிள்ளை கோஹெய் கண்ணை மூடிய பிறகு நீ மறுபடி சுற்றுலா பஸ்ஸில் வழிகாட்டி வேலைக்குப் போனாய். பொழுது போகட்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன். இப்போது ரிகோ வீட்டில் இருக்கிறாள், எட்டு வயதுக் குழந்தையை யார் பார்ப்பது? வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. கோஹெய்யின் அறையைத் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு கிக்குயே, "உங்க மருமக இன்னுமா பஸ்ஸுக்குப் பின்னால நின்னு விசில் ஊதிக்கிட்டிருக்கா?" என்று கேட்கிறாள். 

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு வந்தபோது கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் உன் பெயர் முத்திரையை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். ஊதாத் துணியில் சுற்றி, அவன் படத்துக்குக் கீழே மேல் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நுகுமிஸு என்ற நம் குடும்பப் பெயர் கடைகளில் தயாராகக் கிடைக்காது, அதனால் பத்திரமாக இருக்கட்டும்.

காற்று இன்னும் குளிர்கிறது, கழுத்தைப் போர்த்திக்கொண்டு வெளியே போ.

மிசாவோ

*

நகோயா
2020 மார்ச் 29

அம்மாவுக்கு,

இங்கே ஆற்றங்கரையில் செர்ரி பூத்திருக்கிறது, கீழே உட்காரத்தான் ஆளில்லை. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். ரிகோவுக்கு இருமல் நின்றுவிட்டது. கேரட்டை நினைத்து இருவரும் சிரித்தோம், சிரித்து நாளாயிற்று.

மார்ச் மாதப் பயணங்கள் எல்லாம் ரத்து. ஏப்ரலும் அப்படித்தான் என்கிறார்கள். வழிகாட்டிகள் இருபத்துமூன்று பேரும் முறைவைத்துப் போய், ஓடாத பஸ்ஸைக் கழுவுகிறோம். ரிகோவைக் கூட்டிப்போக அனுமதி வாங்கினேன். அவள் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். நான் முன்னால் நின்று, கோட்டை, கோயில், மலைக் கிராமம் என்று ஒன்றுவிடாமல் சொல்லிப் பார்ப்பேன். ஆறு வருஷம் சொன்னது, கல்யாணத்துக்குப் பிறகு மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். நாக்கு மறக்கவில்லை. ரிகோ, "அம்மா, பாலத்தோட கதைய விட்டுட்ட" என்று திருத்துகிறாள்.

நீங்கள் சொன்னதை யோசிக்கிறேன் அம்மா. இந்த மாதம் கழியட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முகக்கவசம் கிடைக்காவிட்டால் எழுதுங்கள், தைத்து அனுப்புகிறேன்.

நஹோ

*

தொயாமா
2020 ஜூன் 21

நஹோவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது, சுவரெல்லாம் ஈரம். நான் சுகமாக இருக்கிறேன். நீ தைத்து அனுப்பிய பூப்போட்ட முகக்கவசத்தை எல்லோரும் கேட்கிறார்கள். ரிகோ பள்ளிக்குப் போகிறாளா?

இங்கே பள்ளி திறந்துவிட்டது. குழந்தைகள் கரும்பலகையைப் பார்த்தபடி, பேசாமல் சாப்பிட வேண்டுமாம். நாங்கள் குழந்தைகளைப் பார்ப்பதில்லை, திரும்பி வரும் பாத்திரங்களைத்தான் பார்க்கிறோம். மூன்றாம் வகுப்புப் பாத்திரம் முன்பெல்லாம் கழுவி வைத்தது போல வரும். இப்போது கால்வாசி மீந்து வருகிறது. பேச்சில்லாமல் சோறு இறங்காது போலிருக்கிறது.

எங்களில் சின்னவள் ஹருனா, இருபத்தொன்பது வயது, அவளுடைய பெண்ணுக்கு மூன்று வயது. நர்சரியில் குழந்தைக்கு உடம்பு கொஞ்சம் சுட்டாலும் கூப்பிட்டுக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாயும் சமையற்கூடத்துக்குள் நுழையக் கூடாது. மூன்று வாரத்தில் ஐந்து நாள் வரவில்லை. அலுவலகத்து ஆள் வந்து, "உங்களுக்குள்ளயே பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூத்தவள் நான்தானே. காய் கழுவும் தொட்டிப் பக்கம் அவளைக் கூப்பிட்டு, "குழந்தைதானே முக்கியம் ஹருனா. கொஞ்ச நாள் ஓய்வெடு" என்றேன். குனிந்து வணங்கினாள்.

விலகல் கடிதம் எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். கோஹெய் வயிற்றில் இருந்தபோது மருந்துப் பொட்டலம் கட்டும் ஆலையிலிருந்து நின்றேன், முப்பத்தொன்பது வருஷம் ஆகிறது, அன்று எழுதியது மனப்பாடம். எதனால் நின்றாலும் காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணங்களால்" என்றுதானே எழுத வேண்டும், வேலை கொடுத்தவர் மனம் சங்கடப்படாமல் இருக்க அதுதான் மரியாதை. அவள் எழுத, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். படித்தவர்கள் வேலையை நான் செய்தது போல எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆகஸ்டில் ஓபோன், போனவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் நாட்கள், கோஹெய்க்கு இதுதான் முதல் ஓபோன். வெள்ளைக் காகித விளக்கு சொல்லிவைத்திருக்கிறேன். அப்போதே வந்து இங்கேயே தங்கிவிட்டால் என்ன?

ஈரத்தில் துணி காயாது, ரிகோவின் காலுறையை இஸ்திரி போட்டுக் கொடு.

மிசாவோ

*

நகோயா
2020 ஜூலை 19

அம்மாவுக்கு,

வெயில் இன்னும் வரவில்லை. அங்கே ஆற்றில் வெள்ளம் என்று செய்தியில் பார்த்தேன், வீட்டுப் பக்கம் தண்ணீர் வரவில்லையே? நாங்கள் இருவரும் நலம்.

எழுதக் கை வராமல் நாலு நாள் தள்ளிப்போட்டேன். ஓபோனுக்கு எங்களால் வர முடியாது. மாநில எல்லை தாண்டிப் போய்வந்தால் இரண்டு வாரம் வேலைக்கு வரக் கூடாது என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். நான் வந்துபோனால் உங்கள் சமையற்கூடத்திலும் உங்களை நிறுத்திவைப்பார்கள். பெரிய ஊர்ப் பதிவெண் உள்ள வண்டி நின்ற வீட்டில் நோய்ப் பயத்தில் கல் விழுந்த கதையும் கேள்விப்பட்டேன்.

கணவனின் முதல் ஓபோனுக்கு வராத மனைவியைப் பற்றி ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் அதைக் கேட்க வேண்டியிருக்கும். மன்னியுங்கள்.

ரிகோ அப்பாவுக்கு வரைந்த படத்தை உள்ளே வைத்திருக்கிறேன். பஸ் படம்தான். அவளுக்கு வேறு எதுவும் வரைய வராது.

நஹோ

*

தொயாமா
2020 ஆகஸ்ட் 17

நஹோவுக்கு,

வெயில் கொளுத்துகிறது. நீங்கள் தண்ணீர் நிறையக் குடியுங்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

விட்டுப்போன பாடத்துக்காகக் கோடை விடுமுறையைக் குறைத்துவிட்டார்கள், ஓபோன் வாரம் மட்டும்தான் ஓய்வு. அதற்கு முன் ஆகஸ்ட் வெயிலில் கொப்பரைக்குப் பக்கத்தில் முகக்கவசத்தோடு நின்றோம். ஒருத்தி மயங்கி விழுந்தாள். ஆறு பேர்தானே இப்போது.

வெள்ளை விளக்கை நானே ஏணி வைத்துக் கட்டினேன். ரிகோவின் படத்தைக் கோஹெய்க்கு முன்னால் வைத்து, வெள்ளரிக்காய் நறுக்கி வைத்தேன். கிக்குயே எட்டிப் பார்த்து, "ஆளே வரலையா?" என்றாள். "வராம இருக்கறதுதான் இந்த வருஷம் மரியாதை" என்றேன். அது உண்மையும்தான்.

விளக்கை இறக்கிய அன்று சூப்பர் மார்க்கெட்டில் ஹருனாவைப் பார்த்தேன். தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பேசினோம்.

வேறு ஒன்றும் இல்லை. தர்பூசணி ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

மிசாவோ

*

நகோயா
2020 செப்டம்பர் 6

அம்மாவுக்கு,

தர்பூசணி உடையாமல் வந்தது. நான்கு நாள் வைத்துத் தின்றோம். உங்கள் மயக்கம் போட்ட தோழி தேறிவிட்டாரா? நீங்களும் கொப்பரைப் பக்கம் நெடுநேரம் நிற்காதீர்கள்.

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அக்டோபரிலிருந்து வழிகாட்டிகளை வேறு நிறுவனத்துக்கு, பார்சல் பிரிக்கும் கிடங்குக்கு அனுப்புகிறார்கள். விடிய ஐந்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ரிகோவைத் தனியாக விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன் என்று கேட்டேன். மேலாளர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. "குழந்தைதானே முக்கியம் நஹோ சான். கொஞ்ச நாள் ஓய்வெடுங்க" என்று சொல்லி, ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். விலகல் படிவம். ஏற்கெனவே பதினோரு பேர் கொடுத்துவிட்டார்கள், எல்லோருமே பிள்ளை உள்ளவர்கள், அல்லது வயதான மாமனார் மாமியாரைப் பார்ப்பவர்கள். முப்பதாம் தேதிக்குள் நானும் கொடுக்க வேண்டும்.

அதனால் நீங்கள் மார்ச்சிலேயே சொன்னபடி அங்கே வந்துவிடுகிறேன். படிவத்தில் முத்திரை வைக்க வேண்டும், என்னுடையதை அனுப்பிவையுங்கள். காரணத்தை எப்படி எழுதுவது என்று ஹருனாவுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களே, அதையே நானும் எழுதிவிடுகிறேன்.

விசிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லையாம், வைத்துக்கொள்ளலாமாம்.

நஹோ

*

தொயாமா
2020 செப்டம்பர் 14

நஹோவுக்கு,

இங்கே காற்று மாறிவிட்டது. நலம்.

முத்திரையைத் தேடினேன், கிடைக்கவில்லை. எங்கே வைத்தேன் என்று ஞாபகம் வரவில்லை. அது இல்லாமல் தாளைக் கொடுத்துவிடாதே, முறையாக இருக்காது.

ரிகோவுக்கு என் அன்பு.

மிசாவோ

*

நகோயா
2020 செப்டம்பர் 22

அம்மாவுக்கு,

வெயில் தணிந்து, சிவப்பு லில்லி வரப்பெல்லாம் பூத்திருக்கிறது. நலம்.

அவசரப்படாமல் தேடுங்கள். கிடைக்கும்போது கிடைக்கட்டும். மேலாளரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததே இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நஹோ

*

தொயாமா
2020 அக்டோபர் 11

நஹோவுக்கு,

தேனா என்று கேட்கும் அளவுக்கு இந்த வருஷம் பெர்சிமன் பழம் இனிக்கிறது, ஒரு பெட்டி அனுப்புகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லாமல் இருந்தது. இதை மூன்று நாளாக எழுதுகிறேன்.

முத்திரை தொலையவில்லை. இழுப்பறையிலேதான் இருந்தது. தினமும் கோஹெய்க்குச் சோறு வைக்கும்போது திறந்து பார்த்துவிட்டு மூடுவேன். உன்னிடம் பொய் சொன்னேன்.

ஆகஸ்டில் ஹருனாவைப் பார்த்தேன் என்று எழுதினேன் அல்லவா. பேசியதை எழுதவில்லை. "என்ன ஹருனா, ஓய்வெடுத்தியா?" என்று கேட்டேன், அதுவும் சிரித்துக்கொண்டு. அவள் தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நர்சரியில பாப்பாவோட இடத்த எடுத்துடப் போறாங்க அக்கா. வேலையில்லாத அம்மாவுக்கு எதுக்கு நர்சரின்றாங்க."

"வேற வேலை தேடேன்."

"தேடாமயா இருக்கேன். புள்ளைய விட இடமிருக்கான்னுதான் மொதல்ல கேக்கறாங்க. இப்போதைக்குத்தான் இருக்கு, அப்புறம் தெரியாதுன்னா, போயிட்டு அப்புறம் வாங்கன்றாங்க."

பிறகு, "லீவு போட்டிருக்கலாமாம் அக்கா" என்றாள். இந்த நோய்க்காலத்தில் நர்சரி சேர்க்காத நாட்களுக்குத் தாய்மாருக்கு விடுப்பு தரச் சொல்லி ஏற்பாடு இருந்ததாம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்டிருக்கிறாள். "'சொந்தக் காரணம்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, நாங்க என்ன பண்றது'ன்னுட்டாங்க." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் உன் கடிதம் வந்தது. உன் மேலாளர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அது தொட்டிப் பக்கத்தில் நின்று நான் ஹருனாவிடம் சொன்னது. ஒரு சொல் மாறவில்லை. அவரும் நல்ல மனிதர், நானும் நல்லவள்தான், நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து பெண்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

மார்ச் மாதத்திலிருந்து உன்னை வா வா என்று கூப்பிட்டது ரிகோவுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்காக. இந்த வீட்டில் யாராவது கதவைத் திறந்து "வந்துட்டேன்" என்று சொல்லும் சத்தம் வேண்டியிருந்தது. அவன் அப்படித்தான் சொல்வான், காலணியைக் கழற்றும் முன்பே.

மருந்து ஆலையைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை. பொட்டலம் கட்டுவதில் எனக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. மேற்பார்வைக்காரி தன் வரிசையின் பொறுப்பை அடுத்த வசந்தத்தில் என்னிடம் தருவதாக இருந்தாள். என்னைப் போ என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் வயிற்றைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள், நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். கோஹெய்யைப் பெற்றதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தத் தாளில் எழுதிய காரணம் என்னுடையது இல்லை நஹோ. மாமியாருடையது, ஆலைக்காரருடையது, ஊருடையது. என்னுடையது கையெழுத்து மட்டும்தான்.

போன வாரம் ஹருனாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் சமையற்கூட அலுவலகத்துக்குப் போனேன். "அந்த வரிய எழுதச் சொன்னது நான். அவ காரணம் அது இல்ல. அவளுக்கு லீவுதான் வேணும்" என்றேன். அந்த ஆள், "இப்ப வந்து சொன்னா எப்படிங்க? தாள் உள்ள போயாச்சு" என்றார். "தாள் உள்ள போச்சு, ஆளு வெளிய நிக்கறாளே" என்றேன். அவர் தாள்களைப் புரட்டினார். பிப்ரவரியில் ஆள் எடுக்கும்போது மனுப் போடச் சொன்னார். அதுவரை மீன் காயப்போடும் களத்தில் காலையில் மூன்று மணி நேர வேலை சொல்லிவைத்திருக்கிறேன், நர்சரி இடம் அதனால் போகாது. ஹருனா என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வீட்டு வாசலில் இரண்டு கத்தரிக்காய் கொடுத்தாள்.

இந்தக் கடிதத்தோடு முத்திரையை வைத்திருக்கிறேன். கெடு முடிந்துவிட்டது, நான் பிடித்துவைத்ததில் உனக்குக் கெடுதல் நேர்ந்திருந்தால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். இனி எதில் வைப்பதும் உன் விருப்பம். அங்கே இருப்பதானாலும் சரி, இங்கே வருவதானாலும் சரி, நுகுமிஸு என்ற பெயரையே விட்டுவிட்டு உன் அப்பா வீட்டுக்குப் போவதானாலும் சரி. காரணத்தை மட்டும் உள்ளபடி எழுது.

பெர்சிமனை நிறையத் தின்றால் வயிறு குளிர்ந்துவிடும், ரிகோவைப் பார்த்துக்கொள்.

மிசாவோ

*

நகோயா
2020 நவம்பர் 3

அம்மாவுக்கு,

பெர்சிமன் தீர்ந்துவிட்டது. ரிகோவின் வயிறு குளிரவில்லை. உங்கள் முழங்காலுக்குக் குளிர்காலம் வருகிறது, தடித்த காலுறை அனுப்புகிறேன்.

திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மார்ச் எட்டாம் தேதிக் கடிதத்தை எடுத்துப் பார்க்கிறேன். ஊதாத் துணியில் சுற்றி, மேல் இழுப்பறையில், என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதம் எப்போதும் என் பையிலேதான் இருக்கிறது, மெத்தையை வெயிலில் போட்டதாக எழுதிய வரிக்காக.

செப்டம்பரில் நீங்கள் "கிடைக்கவில்லை" என்றபோது, மறதி என்று நினைத்து, "மேல் இழுப்பறையில் பாருங்கள் அம்மா" என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் இது மறதி இல்லை என்று பட்டது. பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அவசரப்படாமல் தேடச் சொல்லி வேறு எழுதினேன்.

எங்கள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் முத்திரைக் கடை இருக்கிறது அம்மா. எந்தப் பெயரானாலும் இருபது நிமிஷத்தில் இயந்திரத்தில் செதுக்கிக் கொடுப்பார்கள். தினமும் இரண்டு முறை அதைத் தாண்டித்தான் நடந்தேன். மேலாளர், "என்ன நஹோ சான், முத்திரை?" என்பார். "ஊர்ல இருக்கு சார். மாமியார் தேடிட்டிருக்காங்க" என்பேன். "பெரிய வீடோ?" என்று கேட்டார் ஒரு நாள். "ரொம்பப் பெரிசு சார்" என்றேன்.

முப்பதாம் தேதி தாண்டியது. தாளும் கொடுக்காமல், கிடங்குக்கும் போக முடியாதவர்களை வீட்டிலிருக்கும் விடுப்பில் வைத்தார்கள். அக்டோபர் நடுவில் பள்ளிகள் கேட்டு வந்தன. தூரத்துப் பயணத்தை விட்டுவிட்டு ஆறாம் வகுப்புகளைப் பக்கத்து மலைக்குக் கூட்டிப்போகிறார்களாம், ஒரு பஸ்ஸில் பாதிப் பேர்தான் உட்காரலாமாம், அதனால் இரண்டு மடங்கு பஸ். வழிகாட்டிகள்தான் இல்லை, பதினோரு பேர் போய்விட்டார்களே. மேலாளரே போன் செய்தார். காலை ஏழரைக்குப் புறப்பாடு என்றார். பள்ளி தொடங்கும்வரை ரிகோவைப் பக்கத்து வீட்டில் விட்டால் போதும்.

பஸ்ஸில் பாடக் கூடாது, சத்தமாகப் பேசவும் கூடாது. முகக்கவசத்தோடு இருபது குழந்தைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் கதையைச் சொன்னேன். சிரிக்கக் கூடாது என்பதால், சிரிப்புக்குப் பதில் அவர்களாகவே தொடையில் தட்டினார்கள். இறங்கும் இடத்தில் பஸ் பின்னோக்கி வர, நான் பின்னால் நின்று விசில் ஊதினேன். எட்டு மாதத்துக்குப் பிறகு.

அன்று மாலை பணிப்பதிவில் முத்திரையை வைத்தேன், உங்கள் துணியிலிருந்து பிரித்து. சிவப்பு நன்றாக விழுந்தது. நுகுமிஸு என்ற பெயரை விட்டாலும் சரி என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பதிவேட்டில் அடுத்த மாதத்துக்கும் அந்தப் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

பதினாலாம் தேதி கோஹெய்யின் முதலாண்டு நினைவுநாள். ரிகோவாலும் என்னாலும் வர முடியாது. காரணத்தை உள்ளபடி எழுதச் சொன்னீர்கள்.

அன்று எனக்கு வேலை இருக்கிறது.

அதற்குக் கீழே முத்திரை வைத்திருக்கிறேன். இந்தத் தாளை அவன் படத்துக்கு முன்னால் ஒரு நாள் வையுங்கள், பிறகு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

நஹோ